நாலாம் நிரை, பதினேழாம் புள்ளி

குருண், கெடா
26 டிசம்பர் 2025

திரு. குணாளன் அவர்களுக்கு,

இடம் முடிவாகிவிட்டது. நாலாம் கோடு, பதினேழாம் புள்ளி. உங்கள் ரேடார் பெட்டியில் வந்த நூற்றிருபது அளவுகளையும் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அந்தப் புள்ளியில் பனியின் கனம் இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர். அடிப்பனி உருகாமல் பாறையோடு ஒட்டி உறைந்திருக்கிறது. உள்ளே அடுக்குகள் குலையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பதினைந்து லட்சம் வருஷத்துப் பனி எங்காவது மிஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும். முகாம் தலைவி ஒப்புக்கொண்டார். பேராசிரியர் தர்மலிங்கமும் பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆழம் அதிகமான இடத்தில் ஏன் துளைக்கவில்லை என்று டிராக்டர் ஓட்டுகிறவர்கள் உங்களிடம் கேட்பார்கள். மூவாயிரத்து முந்நூறு மீட்டர் கனமுள்ள இடமும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கனம் கூடினால் பூமிச்சூடு மேலே போக வழியில்லாமல் அடியிலேயே தங்கிவிடும், கம்பளி போர்த்தின மாதிரி. அங்கே அடிப்பனி உருகி ஓடிவிடும். நாம் தேடுகிற பழசு முதலில் போவது அங்கேதான். இதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

துளைக்கும் இயந்திரம் ஜனவரி முதல் வாரம் அங்கே வந்து சேரும். துளை மூடாமல் தாங்குகிற உறைக்குழாயை இறக்கிவிட்டால் அப்புறம் ஐந்து கோடைப் பருவத்துக்கு அந்த இடம்தான், நகர்த்த முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

வேறொன்றும் இல்லை. தென்துருவ முகாமுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை எழுத்து மட்டும்தான் போகுமாம், அதை நான் வீணாக்கப் போவதில்லை. எட்டு மாதமாக நாம் பேசாமலேயே வேலை நடந்தது. இனியும் நடக்கும்.

அனீசா


பனிமேட்டு முகாம்
29 டிசம்பர்

அனீசாவுக்கு,

எட்டு மாதம் கழித்து உன் கையால் என் பெயர் வந்திருக்கிறது, முன்னால் ஒரு ‘திரு’வை மாட்டிக்கொண்டு. பரவாயில்லை. கடிதம் கடிதம்தான். வாசித்துவிட்டு இரண்டு குவளை தேநீர் குடித்தேன். இங்கே தேநீர் ஊற்றி நாலு நிமிஷத்தில் ஆறிவிடும், உங்கள் அத்தா கடையில் மாதிரி ஆற்றிக் கொடுக்க ஆள் தேவையில்லை.

முன்னோடி டிராக்டரில் நேற்றே அந்த இடத்துக்கு வந்துவிட்டோம். நீ கொடுத்த இடக்குறிகளை வைத்து ஓட்டுநர் கொண்டுவந்து நிறுத்தினார். கூடாரம் போட்டாயிற்று. இருபத்துநாலு மணி நேரமும் வெயில், ஆனால் மைனஸ் முப்பத்தைந்து. என் இடது கால் கட்டைவிரல் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. அதுவும் உன் கட்சி போலிருக்கிறது.

ஒரு விஷயம். சொல்லலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பழக்கதோஷத்தில் ஒரு குழி வெட்டிப் பார்த்தேன், ஆளுயரத்துக்கு. உன் கணக்குப்படி இந்த இடத்தில் வருஷத்துக்கு நாலு விரற்கடை பனிதான் சேர வேண்டும். எனக்கு என்னவோ அதைப்போல இரண்டு மடங்கு தெரிகிறது. வருஷக்கோடு தெளிவாக இல்லை, குத்துமதிப்புதான். காற்று அள்ளிப் போட்டதாகவும் இருக்கலாம். ஆனால் மேல்பனியும் மெத்தென்று இருக்கிறது. நல்ல இடத்தில் மேல்பனி சீனி மாதிரி பருமணலாக இருக்க வேண்டும்.

தலைவியிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

குணாளன்


குருண்
31 டிசம்பர்

குணாளன் அவர்களுக்கு,

என்னிடம் முதலில் சொல்கிறீர்களா? இது புதுப் பழக்கமா?

ஏப்ரலில் நியூசிலாந்துப் பனியாற்றில் நம் இரண்டு பேருக்கும் பயிற்சி. மூன்றாம் நாள் கயிற்றில் ஏறும்போது எனக்கு மயக்கம் வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. நீங்கள்தான் பிடித்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. “அண்ணே, காலைல நானே டாக்டர்கிட்ட சொல்லிடறேன், இன்னிக்கி மட்டும் விடுங்க” என்று கேட்டேன். “சரிலா, போய் படு” என்றீர்கள். ஒரு மணி நேரம் கழித்து நான் சாப்பிட வந்தால் டாக்டர் என் மருத்துவக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பதினொரு வருஷம் இந்தப் பயணத்துக்காகப் படித்தேன். இப்போது அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேலே, குழம்பு வாசனையில் உட்கார்ந்துகொண்டு உங்கள் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டல் கழித்தலாவது எனக்கு மிஞ்சியிருக்கிறதே என்று நினைத்தேன். அதிலும் இப்போது கை வைக்கிறீர்கள். ஒரு குழி வெட்டி, குத்துமதிப்பாக, கால் கட்டைவிரல் மரத்துப்போன நிலையில்.

நான் தப்பாக இருந்தால் எண்ணில் காட்டுங்கள். இல்லையென்றால் சும்மா இருங்கள். அடிப்பாறை இந்தக் கட்டத்தில் கரடுமுரடு என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறேன். ஒரு கோட்டில் மேடாக இருப்பது பக்கத்துக் கோட்டில் பள்ளமாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மேல்பனியும் மாறி மாறித்தான் இருக்கும்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. டிசம்பரில் நீங்கள் அளந்தபோது என்ன செய்தீர்கள்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கதை வேண்டாம், நடந்தது மட்டும்.

அனீசா


பனிமேட்டு முகாம்
2 ஜனவரி 2026

அனீசா,

நியூசிலாந்து பற்றி நான் இப்போது பேசவில்லை. பேசினால் நீ கடிதத்தைப் பாதியில் மூடிவிடுவாய். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆறு கோடு, கோட்டுக்கு இருபது புள்ளி, புள்ளிக்குப் புள்ளி ஒரு கிலோமீட்டர். பெட்டியைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துப் போனேன். நின்றேன், அளந்தேன், நோட்டில் எண்ணைக் குறித்தேன், அடுத்ததுக்குப் போனேன். பெட்டிக்குள் இருந்த இடங்குறிக் கருவி முதல் நாளே குளிரில் செத்துவிட்டது, அதை அன்றைக்கே எல்லாருக்கும் எழுதினேன். கையிலிருந்த கருவி வழி காட்டியது, ஆனால் அது எதையும் சேமித்து வைக்காத வகை. அளந்த இடமெல்லாம் மூங்கில் கழி நட்டேன். கழியில் எண் எழுதலாமென்றால் பேனா மை உறைந்துபோனது, வெறும் கழியாகவே விட்டேன். பாதிக் கழிகளை அடுத்த வாரமே காற்று கொண்டுபோய்விட்டது.

பதின்மூன்று நாள் அந்த வேலை. தனியாளாக அத்தனை தூரம் எப்படிப் போனாய் என்று தலைவி கேட்டார். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா, நிரை பிடித்து நடந்த மாதிரி நடந்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் சிரித்தார். பெட்டியை இருபத்துமூன்றாம் தேதி விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டோம், இரவல் சாமான். அதனால் மறுபடி அளக்க இங்கே ஒன்றும் இல்லை.

இயந்திரம் இன்று மதியம் வந்தது. ஆறு சறுக்குவண்டி. அதை நிறுத்தப் பள்ளம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பதாம் தேதி மதியம் உறைக்குழாய் இறங்கும். தலைவி என்னைக் கூப்பிட்டு, இந்தப் பருவம் முடிந்ததும் நிரந்தர வேலைக்கு என் பெயரை எழுதப்போவதாகச் சொன்னார். எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவ் முச்சந்தியில் என் படத்தைப் போட்டுப் பேனர் கட்டியிருக்கிறார்களாம், தங்கை எழுதியிருந்தாள். அதில் எனக்குப் பின்னால் பென்குவின் நிற்கிறதாம். இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு பென்குவின் கிடையாது.

குழியைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. அது காற்றாகத்தான் இருக்கும்.

குணாளன்


குருண்
4 ஜனவரி

குணாளன் அண்ணனுக்கு,

இதை நிதானமாக வாசியுங்கள்.

நிரை பிடித்து நடந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் கடைக்காரர் வீட்டுப் பெண், எனக்கு நிரையும் தெரியாது வரிசையும் தெரியாது. கதையாக எழுதுகிறீர்கள் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் நடந்தது மட்டும் எழுதச் சொன்னேன், அதற்குள் இது ஏன் வந்தது என்று உறுத்தியது. இன்று காலை மோட்டாரை எடுத்துக்கொண்டு புக்கிட் செலம்பாவ் போனேன். பேனருக்குக் கீழே நின்று வழி கேட்டுத்தான் உங்கள் தங்கை சுந்தரியக்காவைத் தேடிப் பிடித்தேன். இப்போது ஒரு சீனருடைய சிறு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். வெட்டு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, அண்ணன் நெர பிடிச்சி நடந்தேன்னு எழுதியிருக்காரு. அப்படின்னா என்ன?”

“அது என்னா பெரிய விஷயம்? வாலா, நடந்து காட்டறேன்.”

வண்டிகள் போகிற ஜாலான் ஓரத்து மரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தொட்டுக்கொண்டே பாரிட் வரைக்கும் போனார், அங்கே தண்ணீர் ஓடுகிறது. பிறகு அப்படியே ஓர் எட்டு தள்ளி அடுத்த நிரையில் நின்று, பாரிட் ஓரத்து மரத்தைத் தொட்டு, “ஒண்ணு” என்றார்.

“இதுவா ஒண்ணு? ஜாலான் பக்கத்து மரம்தானே ஒண்ணு?”

“ஏன், கைய வீசிக்கிட்டு ஜாலான் வரைக்கும் வெட்டியா நடந்துபோயி அங்கேருந்தா ஆரம்பிப்பாங்க? போறப்ப ஒரு நெர, வர்றப்ப ஒரு நெர. அவனும் சின்னதுல எங்களோட இப்படித்தானே எண்ணுவான்.”

அண்ணே, என் அட்டவணையில் ஆறு கோடும் மேற்கிலிருந்து கிழக்கே எண்ணப்பட்டவை. ஆறுமே. நீங்கள் இரண்டாம் கோட்டையும் நாலாம் கோட்டையும் ஆறாம் கோட்டையும் கிழக்குமுனையிலிருந்து ஒன்று என்று ஆரம்பித்திருந்தால், நான் அந்த மூன்று கோடுகளையும் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அந்த மூன்றை மட்டும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நான் அறிக்கையில் எழுதிய கரடுமுரடு முழுவதும் போய்விட்டது. பனிக்கடியில் ஒரே ஒரு நீளமான மலைமுகடு, ஆறு கோட்டிலும் வழுவழுவென்று தொடர்கிறது. இல்லாத மலைகளையெல்லாம் நான் இருப்பதாக எழுதியிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் அப்படி முட்டிக்கொள்ளும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாறையின்மேல் பழியைப் போட்டுவிட்டு மேலே போய்விட்டேன். அது என் தப்பு.

நல்ல இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நிற்கிற இடத்தில் இல்லை. கிழக்கிலிருந்து பதினேழாவது என்றால் மேற்கிலிருந்து நாலாவது, அங்கிருந்து மேற்கே பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உங்கள் காலுக்குக் கீழே இருப்பது மூவாயிரத்து முந்நூறு மீட்டர், அடியில் உருகுகிற பனி. அங்கே ஐந்து வருஷம் துளைத்தால் கடைசியில் தண்ணீர்தான் மேலே வரும்.

நீங்கள் அப்படித்தான் எண்ணினீர்களா? ஆமா இல்லையா என்று ஒரு வார்த்தை போதும். தலைவிக்கு நான் எழுதவில்லை. உங்கள் வாயால் சொல்வதுதான் முறை.

அனீசா


பனிமேட்டு முகாம்
5 ஜனவரி

அனீசா,

ஆமா.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் வெறும் எண்கள்தான் இருக்கின்றன, திசை இல்லை. ஆனால் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு கோடு முடியும்போதும் அப்படியே பக்கத்துக் கோட்டுக்குத் தாண்டி, ஒன்று என்று எழுதினேன். வேறு மாதிரியும் எண்ணலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபது கிலோமீட்டர் சும்மா திரும்பி நடக்க எவனுக்கும் தோன்றாது.

தலைவியிடம் நானே சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறேன், வெறும் வாயோடு போய் நின்றால் நம்ப மாட்டார். எட்டாம் தேதி வரைக்கும் எனக்கு நேரம் கொடு. அதற்குமுன் யாருக்கும் எழுதாதே.

குணாளன்


குருண்
7 ஜனவரி

அண்ணே,

நேற்றும் கடிதம் இல்லை. இன்றும் இல்லை. புயலா, உடம்பு சரியில்லையா, ஒன்றும் தெரியவில்லை. முகாமின் வானிலைக் குறிப்பு எனக்கும் வருகிறது. அதில் காற்று இல்லை, வானம் தெளிவு என்று போட்டிருக்கிறது.

பேராசிரியர் தர்மலிங்கம் மதியம் அழைத்தார். ஒன்பதாம் தேதி குழாய் இறங்குவதைப் பத்திரிகைகளுக்குச் சொல்லப் போகிறாராம். “நம்ம கெடா பிள்ளைங்க ரெண்டு பேரு, ஒன்னு இங்கே, ஒன்னு பனியிலே” என்று சந்தோஷமாகச் சிரித்தார். நான் சரி சார், சரி சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பொய் சொன்ன மாதிரியே இருந்தது.

எரிபொருள் ஒரே ஒரு இடமாற்றத்துக்குத்தான் இருக்கிறது, அதுவும் பருவம் முடிவதற்குள். குழாய் இறங்கிவிட்டால் அப்புறம் நீங்கள் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். என்ன ஆயிற்று என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். சொல்லிவிட்டேன் என்று எழுதினால் நான் நிம்மதியாகப் போய்ப் பரோட்டா தின்பேன். நாளைக் காலை பத்து மணி வரை காத்திருப்பேன்.

அனீசா


குருண்
8 ஜனவரி

அண்ணே,

பத்து மணிக்குத் தபால் வந்தது. அதில் உங்கள் கடிதம் இல்லை. பத்து நாற்பது வரைக்கும் பார்த்தேன். பிறகு தலைவிக்கு எழுதிவிட்டேன்.

இரட்டைப்படைக் கோடுகள் தலைகீழாக எண்ணப்பட்டிருக்கின்றன, அட்டவணை போட்ட நான் அதைச் சரிபார்க்கவில்லை, சரியான இடக்குறி இது என்று மூன்று பத்தியில் எழுதினேன். எண்ணியது யார் என்றும் எழுத வேண்டியிருந்தது. அதில்லாமல் எழுதிப் பார்த்தேன், அவருக்கு ஒன்றுமே புரிந்திருக்காது.

நீங்கள் கேட்ட நேரத்தை நான் முழுதாகக் கொடுக்கவில்லை. எட்டாம் தேதி இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அனீசா


பனிமேட்டு முகாம்
9 ஜனவரி

அனீசா,

கவலைப்படாதே. எல்லாம் சரியாகிவிட்டது.

காலையில் நான் தலைவியின் கூடாரத்துக்குச் சொல்லப் போனபோது உன் கடிதம் அவர் கையில் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன் என்றேன். அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. உன் திருத்திய அட்டவணையை மேசையில் விரித்து வைத்து அரை மணி நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், குழாயைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பள்ளம் வெட்டினவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் கிளம்பிவிட்டார்கள். இரண்டு நாளில் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

முன்பே எழுதாததற்கு மன்னித்துக்கொள். தபால் கணினி மூன்று நாளாகத் தகராறு.

குணாளன்


குருண்
12 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழிக்கிறேன்.

தலைவி எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். என் வேலையைப் பாராட்டிவிட்டு, உங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறார். தன் தப்பைத் தானாகவே வந்து ஒப்புக்கொள்கிற ஆள் ஒரு முகாமுக்கு எவ்வளவு முக்கியம் என்று. நிரந்தர வேலைக்கு உங்கள் பெயரை முன்னைவிட அழுத்தமாக எழுதப்போகிறாராம். அதை வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தா கீழேயிருந்து ஏறி வந்து, “என்னாம்மா, யாருக்கு என்னா?” என்று கேட்டார்.

நீங்கள் சொல்லத்தான் போயிருக்கிறீர்கள். நான் இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் உங்கள் தலைக்கு மேலே எழுதினேன். கணினி கெட்டுப்போயிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். எட்டு மாதமாக உங்களைப் பற்றி அப்படியே நினைத்துப் பழகிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் தேதி அந்தக் கடிதத்தை அனுப்பும்போது நியூசிலாந்தில் நீங்கள் டாக்டரிடம் போனதை நினைத்துக்கொண்டேன். நான் கயிற்றில் மயங்கி விழுந்தால் என்னோடு கட்டப்பட்டிருக்கிற மூன்று பேரும் விழுவார்கள். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்குந்தான். நீங்கள் செய்தது சரி. அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. நான் உங்களுக்குச் செய்ததுதான் சரியில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

சுந்தரியக்காவிடம் தலைவி எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “எங்கண்ணன் அப்படித்தான்” என்று பெருமையாகச் சொன்னார்.

உங்கள் தங்கை,
அனீசா


பனிமேட்டு முகாம், புது இடம்
15 ஜனவரி

அனீசா,

உன் மன்னிப்பை நான் வாங்கிக்கொள்ள முடியாது. ஏனென்று எழுதுகிறேன். எழுத மூன்று நாள் ஆயிற்று.

தபால் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறாம் தேதி பனி ஸ்கூட்டரில் நீ சொன்ன இடத்துக்குப் போனேன். குழி வெட்டினேன். மேல்பனி சீனி மாதிரி பருமணல். வருஷத்துக்கு நாலு விரற்கடை. காற்றில் சாயாமல் என் மூங்கில் கழிகளில் ஒன்று இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தது. நீ சொன்னது அத்தனையும் சரி என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

ஆறாம் தேதி திரும்பி வந்ததும் தலைவியின் கூடார வாசல் வரைக்கும் போனேன். உள்ளே யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். ஏழாம் தேதி காலை உள்ளேயே போனேன். என்ன குணா என்றார். தேநீர் வேண்டுமா என்று கேட்டேன், கொண்டுவந்து கொடுத்துவிட்டும் வந்தேன். எட்டாம் தேதி போய் ஜெனரேட்டரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். உன் கடிதம் ஒவ்வொன்றும் எனக்கு வந்துகொண்டிருந்தது. வாசித்தேன். பதில் எழுதவில்லை.

ஒன்பதாம் தேதி காலை நான் போகவில்லை. அவர்தான் கூப்பிட்டனுப்பினார். கையில் உன் கடிதம். இது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன் என்று என் வாய் சொன்னது. அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அதற்கப்புறம் உனக்கும் அதையே எழுதினேன், எழுதும்போது கூச்சமாகக்கூட இல்லை.

நீ எழுதியிருக்காவிட்டால் அன்றைக்கு மதியம் குழாய் இறங்கியிருக்கும். நான் பக்கத்தில் நின்று கைதட்டியிருப்பேன். அப்புறம் ஐந்து வருஷம் ஒவ்வொரு பருவமும் தண்ணீர் வரப்போவதைத் தெரிந்துகொண்டே துளைத்துக்கொண்டிருப்பேன். என்னைப் பற்றி இதை நான் இதற்குமுன் அறிந்ததில்லை.

வேலை, பேனர், ஊரார் பேச்சு என்று காரணம் அடுக்கலாம். அதெல்லாம் இல்லை, பயம்தான். உன்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என்னைப் பற்றியது என்று வந்தபோது நாலு நாள் ஆகியும் வாய் வரவில்லை. நியூசிலாந்தில் நான் செய்தது சரி என்று எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் சொன்னது சரிதான். உன்னிடம் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்ச் சொன்னேனே, அது சரியில்லை. உன் முகத்தைப் பார்த்து, முடியாது அனீசா, நான் இப்போதே சொல்லத்தான் போகிறேன் என்று சொல்ல எனக்கு அன்றைக்கும் தைரியம் வரவில்லை.

குழாய் நேற்று இந்த இடத்தில் இறங்கிவிட்டது. அதை யாரும் இனி அசைக்க முடியாது. அது உன்னால் ஆனது.

இந்தக் கடிதத்தை ஆங்கிலத்திலும் எழுதிவிட்டேன். தபால் கணினி இருப்பது தலைவியின் கூடாரத்தில். முதலில் ஆங்கிலத்தில் இருப்பதை அவர் கையில் கொடுப்பேன். வாசித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். அதற்குப் பிறகுதான் இதை உனக்கு அனுப்புவேன். இந்த முறையும் வாசலோடு திரும்பிவிட்டால் இது உனக்கு வந்து சேராது. வந்திருந்தால், அவர் வாசித்துவிட்டார்.

குணாளன்